அழகாக வெந்த வளையம்

திங்கள், காலை 7.10
இதைக் கண்டெடுப்பவர் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். வரிகள் கோணுகின்றன, ‘ழ’ இன்னும் பிடிபடவில்லை. அறுபத்தெட்டு வயதில், போன மாதம்தான் பேசும் பெட்டியிடம் எழுதக் கற்றேன். பெயர் சங்கிலிமாடன். இடம் நிலா. கதவுகளுக்குச் செயற்கை ரப்பர் வளையம் சுடுவது என் வேலை. வளையம் இறுக்கமாக உட்கார்ந்தால்தான் அறையில் காற்று நிற்கும். அடுப்பு சரி. காற்று சரி. இதையெல்லாம் நானே எழுதுகிறேன் என்பதில் அவ்வளவு சந்தோஷம்.

செவ்வாய், மாலை 4.30
வளையம் வார்க்கும் பிசின் டப்பாவில் ஒட்டிய தாளைப் படித்தேன். நானே படித்தேன்! “அதிக சூடு, இரண்டு மணி நேரம்.” என்னைத் தவிர இங்கிருக்கும் ஒரே ஆள், அடுத்த அறை மேலாளர் ஞானதுரை, இத்தனை காலமும் குறைந்த சூட்டில் ஒரு பகலும் ஓர் இரவும் சுடச் சொன்னான். படிக்கத் தெரியாதவன் என்று என் தூக்கத்தைத் திருடியிருக்கிறான். ஒலிபெருக்கியில் கேட்டேன்.

“வே கைநாட்டு, சொன்னதைச் செய்யும். ரெண்டு எழுத்து படிச்சதும் விஞ்ஞானி ஆயிட்டீரோ?”

தாளில் உள்ளபடியே இரண்டு வளையம் சுட்டேன். கண்ணாடிபோல மின்னின. இவ்வளவு அழகாக ஒருநாளும் வெந்ததில்லை. அவனிடம் சொல்லவில்லை. இன்றிரவு நன்றாகத் தூங்குவேன்.

புதன், மாலை 5.00
வளையங்களை மாட்டியாயிற்று. அவன் கதவில் ஒன்று, என் கதவில் ஒன்று. பழையவற்றை உருக்கிவிட்டோம். அவனுக்குச் சந்தேகமே வரவில்லை.

வியாழன், மாலை 6.20
இரண்டு வார நிலாப் பகல் முடிந்து, சூரியன் மறைந்து குளிர் இறங்கியதும் அவன் வளையம் வெடித்தது. அவன் அறையில் காற்று இல்லை. இங்கிருக்கும் ஒரே காற்றுடையைப் போட்டுக்கொண்டு காற்றில்லாத நடைவழியில் நிற்கிறான்.

“என்ன சூட்டுல சுட்டீரு?”

சொன்னேன்.

“பாவி மனுசா, அது பூமிக்கு எழுதினது! இங்க அடுப்புக்குள்ள காத்தழுத்தமே கிடையாதுவே. சட்டுனு சூடேத்தினா உள்ளெல்லாம் குமிழு குமிழா நின்னுரும்.”

அன்று சுட்டதன் மிச்சத் துண்டை அறுத்துப் பார்த்தேன். மேலே கல். உள்ளே ஆப்பம்.

புது வளையத்தைக் குறைந்த சூட்டில் வைத்திருக்கிறேன். நாளை மாலைதான் வேகும். அவன் உடையில் காற்று காலைவரைதான்.

வெள்ளி, காலை 5.40
“அண்ணாச்சி, சூட்டை ஏத்துங்க.”

ஏற்றவில்லை. ஏற்றினால் இதுவும் ஆப்பம்.

“அப்பக் கதவைத் திறங்க. உள்ள வந்துருதேன்.”

என் கதவிலும் அதே வளையம்தான். திறந்தால் மறுபடி மூடாது. இரண்டு பேருமே போய்விடுவோம். சொன்னேன்.

“கிழட்டுப் பயலே! நீ மட்டும் இருக்கணுமோ? உடைக்கேன் பாரு!”

கடப்பாரையால் இடிக்கிறான். என் பாதம்வரை அதிர்கிறது.

வெள்ளி, காலை 8.15
இடி நின்றுவிட்டது. கூப்பிட்டுப் பார்த்தேன். ஒலிபெருக்கியில் மூச்சுகூட இல்லை.

வெள்ளி, பகல் 12.50
அவன் இடித்த இடத்தில் வளையம் ஒரு விரல் நீளம் கீறியிருக்கிறது. சீறுகிறது. காது அடைக்கிறது. அடுப்பில் இருப்பது முக்கால்வாசிதான் வெந்திருக்கிறது. சூட்டுத் திருகு கைக்கெட்டும் தூரத்தில். அதைத் தொடக்கூடாது என்றுதான் பேனாவைப் பிடித்திருக்கிறேன். எழுத்து இப்போதும் இனிக்கிறது. ஞானதுரைக்கு யார் யார் இருந்தார்கள் என்று அடுத்த வாரம் உட்கார்ந்து எழுதுகிறேன், நிச்சயம். வலது கை எழுதிக்கொண்டிருக்கிறது. இடது கை திருகின்மேல் இருக்கிறது.