ஐ பெக் டு டிஃபர்

12 செப்டம்பர் 1958, வெள்ளி. காஜா பெராங்.

கூட்டுறவுச் சங்கத்தில் இன்று கணக்கெழுதும் கிராணி வேலைக்கு நேர்காணல். தேர்வுக் குழுவில் நானும் ஒருத்தி. என் மாலை வகுப்பில் ஆங்கிலம் படிக்கும் சரோஜாவும் வந்திருந்தாள். அவள் அப்பா நோயில் படுத்துவிட்டதிலிருந்து இந்த வேலையைத்தான் நம்பியிருக்கிறாள்.

“பொம்பளைப் பிள்ளைக்கு இது சரிப்படாதும்மா” என்றார் தலைவர்.

“ஐ பெக் டு டிஃபர், சார்” என்றாள். மாற்றுக் கருத்தை மரியாதையாகச் சொல்ல நான் கற்றுக்கொடுத்த தொடர்.

“பெக்கெல்லாம் பண்ணாதேம்மா. இங்க யாரும் பிச்சை போடுறதில்ல.”

எல்லோரும் சிரித்தார்கள். தலைவர் என் பக்கம் திரும்பி, “நீங்க என்ன சொல்றீங்க, டீச்சர்?” என்றார்.

“இங்கிலீஷ் சரியாத்தான் இருக்கு” என்றேன்.

அவர் கேட்டது அதையல்ல. வேலை செயலாளரின் மச்சானுக்குப் போயிற்று.

சரோஜா வாசலில் காத்திருந்தாள்.

“நான் தப்பா சொல்லிட்டேனா, டீச்சர்?”

“இல்லை.”

“அப்ப ஏன் சிரிச்சாங்க?”

பஸ் வந்துவிட்டது. ஏறிக்கொண்டேன்.

நாளைய வகுப்புக்கு, ‘இன் மை ஒப்பீனியன்’ என்று தொடங்கும் வாக்கியங்களைக் குறித்து வைத்திருந்தேன். இப்போது அவற்றை அடித்துவிட்டு, இறந்தகால வினைகள் என்று எழுதியிருக்கிறேன்.