ட்ரோனுக்காக நிறுத்திய மின்சாரம்

ஓசூர்,
9.1.2019

அன்புள்ள அப்பாவுக்கு, அசோக்குமார் வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போனில் உங்களுக்குச் சரியாகக் கேட்பதில்லை என்பதால் எழுதுகிறேன்.

இனி நான் கம்பத்தில் ஏற வேண்டியதில்லை. மின்கம்பிகளைச் சோதிக்கக் கம்பெனியில் ட்ரோன் வாங்கியிருக்கிறார்கள். அதை ஓட்டுவது நான்தான். திங்கட்கிழமை பேரிகைப் பக்கம் முதன்முறையாகப் பறக்கவிட்டோம். பழக்கதோஷத்தில், அதற்கு முன்பே துணைமின் நிலையத்துக்குப் போன் செய்து மின்சாரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டேன். சூட்டைக் காட்டும் அதன் கேமராவில் ஒன்றும் தெரியவில்லை.

சூப்பர்வைசர் மாதேஷ் சிரித்துவிட்டார். “என்னாப்பா அசோக்கு, கரண்டு ஓடுனாத்தானே ஜாயின்ட்டுல சூடு தெரியும்? ட்ரோனு என்னா, ஷாக்கடிச்சு சாவப்போவுதா?”

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மின்சாரம் வந்த நான்காவது நிமிடம், சூடேறிய ஜாயின்ட் ஒன்று திரையில் சிவப்பாகத் தெரிந்தது. நம் பிரதாப் அண்ணன் கடைசியாகக் கம்பத்தில் ஏறிப் பார்க்கப் போனதும் இப்படியொரு ஜாயின்ட்டைத்தான். அன்று யாரும் மின்சாரத்தை நிறுத்தவில்லை. இங்கே யாரிடமும் அதை நான் சொன்னதில்லை.

காலையில் குளிர் அதிகம். பீரோவில் அண்ணனின் ஸ்வெட்டர் இருக்கும், பார்சலில் அனுப்பிவையுங்கள். வேலைக்கு வண்டி வந்துவிட்டது, முடிக்கிறேன். ஸ்வெட்டரைத் துவைக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

உங்கள் மகன்,
அசோக்குமார்