துக்க வீட்டில் எரிமலைக் கதை

12-7-1973, வியாழன், இரவு

பேசிப் பேசித் தொண்டை கட்டிவிட்டது. நான் கப்பலிலிருந்து வந்து சேர்வதற்குள் அப்பாவின் காரியமெல்லாம் தம்பியே செய்து முடித்துவிட்டான். இன்றும் ஆரியசாலைக் கடைக்காரர்கள் துக்கம் கேட்க வந்தார்கள். அப்பாவைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டு, தந்தி வந்தபோது நான் எங்கே இருந்தேன் என்று கேட்கிறார்கள். கரீபியன் கடலில் ஒரு சின்னத் தீவு என்கிறேன். தீவே ஒரு எரிமலைதான், உச்சியில் புகை வரும், கரையில் மணல் கறுப்பு. கறுப்பு மணல் கோவளத்திலும் உண்டே என்கிறார்கள்.

சாயங்காலம் மிளகாய்வத்தல் கடை அண்ணாச்சி மட்டும் விடவில்லை.

"மலை வெடிச்சா அந்த ஆளுகள் எங்க போவும்?"

படகில் ஏறிப் போவார்கள் என்றேன்.

"பின்னெ வீடும் கடையும்?"

அவர் அதே யோசனையில் எழுந்துபோய், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, "அப்பொ போயிட்டு வாறேன்" என்றார்.

துக்கம் கேட்க வந்தவர் சொல்லக்கூடாதது அது. பேசாமல் இறங்கிப் போக வேண்டும். அவருக்கே முகம் வெளுத்துவிட்டது. தம்பி கோபமாக எழுந்தான்.

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "விடு மக்கா. அவரு சொல்லிட்டே போட்டும். சொல்லாமப் போனவரு ஒருத்தரு போதும்."

நான் வந்த பிறகு அம்மா இவ்வளவு பேசியது இன்றுதான்.

திங்கட்கிழமை நான் கப்பலுக்குத் திரும்ப வேண்டும். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.