பதினொரு கை வைத்த சுவர்

மார்ச் 3, செவ்வாய்

தொண்டு நிறுவனம் இலவசமாகக் கட்டித் தரும் எங்கள் வீட்டுக்கு ஆள் வந்துவிட்டார்கள். பதினொரு பேர். எல்லாம் கல்லூரிப் பிள்ளைகள், கடல் தாண்டி விமானத்தில் வந்திருக்கிறார்கள். செங்கல் என்ன எடை இருக்கும் என்று இன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார்கள். நானோ இருபத்திரண்டு வருஷம் கொத்தனார். சாரத்திலிருந்து விழுந்து இரண்டு வருஷமாகச் சக்கர நாற்காலி. என் வீட்டை என் கண்ணெதிரிலேயே இவர்கள் கட்ட, நான் வேடிக்கை பார்க்க வேண்டும். சிரிப்பதா, அழுவதா?

மச்சான் வீட்டுப் பின்னறையில் இருக்கிறோம். மே கடைசிக்குள் காலி பண்ணச் சொல்லிவிட்டார். அதனால் வாயைத் திறக்கக் கூடாது என்று மனைவியின் உத்தரவு. "தானமாக் குடுத்த மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாக்காதீங்க" என்றாள்.

மார்ச் 5

செங்கல்லைத் தண்ணீரில் நனைக்கவே இல்லை.

மார்ச் 6

இன்றும் நனைக்கவில்லை. காய்ந்த கல் கலவையின் ஈரத்தை உறிஞ்சிவிடும், அப்புறம் எங்கே பிடிக்கும்? ஒருங்கிணைப்பாளரிடம் சாடையாகச் சொன்னேன். எந்நேரமும் கையில் ஒரு அட்டையும் பேனாவுமாக நிற்பவர். "அவங்க கைப்படக் கட்டணும் சார், அதுக்குத்தானே இவ்வளவு தூரம் வந்திருக்காங்க" என்று அட்டையில் எதையோ எழுதிக்கொண்டார். என் பெயரை எழுதினாரோ என்னவோ.

மார்ச் 9, திங்கள்

ஆளுக்கு இருபது கல்லாம்! யாருக்கும் குறை வரக்கூடாது என்று முறை வைத்திருக்கிறார்கள். இருபது வைத்ததும் எல்லோரும் கைதட்ட, அடுத்த ஆள் வந்து வேறு மாதிரி வைக்கிறான். சுவருக்கு ஒரு கை வேண்டும், அதிகம் போனால் இரண்டு. இதற்குப் பதினொன்று. விருந்தில் பந்தி பரிமாறுவது போலவா சுவர் கட்டுவார்கள்?

"கலவை ரொம்பத் தண்ணியா இருக்கு" என்று என் காதோரம் முணுமுணுத்தாள் மனைவி. என்னோடு பன்னிரண்டு வருஷம் சித்தாளாகக் கலவை சுமந்தவள்.

"இப்ப நீ மட்டும் சொல்லலாமா?"

"உங்ககிட்டதானே சொன்னேன், அவங்ககிட்டயா சொன்னேன்?"

மார்ச் 10

திட்டலாம் என்று பார்த்தால் வெயிலில் முகம் சிவந்து, கை கொப்பளித்து நிற்கிறார்கள். நல்ல பிள்ளைகள். அதுதான் இன்னும் எரிச்சல்.

மார்ச் 12, வியாழன்

கேட்டுவிட்டேன். கத்தியே விட்டேன்.

சுவர் ஆள் உயரம் வந்துவிட்டது. மகளைக் கூப்பிட்டு, ஒரு நூலில் கல்லைக் கட்டி உச்சியிலிருந்து தொங்கவிடச் சொன்னேன். அடியில் நூல் சுவரை விட்டு மூன்று விரல் தள்ளி நிற்கிறது. மூன்று விரல்! "சும்மா இருங்க" என்று கையை அழுத்தினாள் மனைவி. எப்படிச் சும்மா இருப்பது? "இதுக்குக் கீழதான்டி நம்ம புள்ள படுக்கப் போகுது!"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அட்டைக்காரர் ஓடி வந்தார். "ஞாயித்துக்கிழமை இவங்களுக்கு விமானம் சார். இப்ப இடிச்சா அப்படியே நின்னுடும். அடுத்த குழு ஜூலையிலதான் வரும்" என்றார். அதற்குள் பிள்ளைகளில் நெட்டையான ஒரு பெண் என்னவென்று கேட்டு, நேராகப் போய் சுவரில் உள்ளங்கையை வைத்துத் தள்ளினாள். மேல்வரிசையில் நான்கு கல் பெயர்ந்து அந்தப் பக்கம் விழுந்தது. யாரும் கைதட்டவில்லை.

மார்ச் 14

அவர்களே இடித்தார்கள். இரண்டு நாளாகக் கல்லில் ஒட்டியதைச் சுரண்டி அடுக்கினார்கள். இந்த வேலைக்கு முறை வைத்துக்கொள்ளவில்லை. நெட்டைப் பெண் அட்டைக்காரர் மூலமாக என்னிடம் ஒன்று கேட்டாள்: "முதல் நாளே ஏன் சொல்லலை?"

பயம் என்றேன். அதையும் அவர் மொழிபெயர்த்தார்.

மார்ச் 17

"வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா வீடுன்னு ஒண்ணு இருந்திருக்கும்." மூன்று நாளாக மனைவி வாயில் இதே பேச்சு.

பதினெட்டு மூட்டை சிமெண்ட் கிடக்கிறது. ஜூலை வரை வைத்தால் கல்லாகிவிடும். கூட வேலை பார்த்த மூன்று கொத்தனார்களையும் போனில் பிடித்தேன். மூவருக்கும் ஜூன் வரை வெளியூரில் வேலை.

மார்ச் 20, வெள்ளி

காலையில் கலவை புரட்டும் சத்தம். நாற்காலியை உருட்டிப் போய்ப் பார்த்தால், நேற்றே கல்லை நனைத்து, நூல் பிடித்து, என் கரண்டியோடு உட்கார்ந்திருக்கிறாள் மனைவி.

"என்ன பண்றே?"

"பாத்தா தெரியலையா?"

"அது கொத்தனார் வேலைடி. நான் உக்காந்துட்டா வேலை தெரியாதவன்னு ஆயிடுமா?"

"விழுந்தும் மீசையில மண்ணு ஒட்டலையாக்கும்" என்று அடுத்த கல்லை எடுத்தாள். எனக்கு வந்த கோபத்தில் நாற்காலியைத் திருப்பி வந்த வழியே உருட்டிக்கொண்டு போனேன்.

மார்ச் 27

மூன்று இடத்தில் குற்றம் சொன்னேன். இரண்டு இடத்தில் அவள் வைத்ததுதான் சரி. தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தேன், மயிரிழை பிசகவில்லை. அவளிடம் சொல்லவில்லை.

ஏப்ரல் 29

விஷயம் தெரிந்து அட்டைக்காரர் போனில் குதித்தார், விதிமுறை என்னாவது என்று. போனை அவள் வாங்கிக்கொண்டாள். "ஜூலையில பசங்க வரட்டும் சார், வெள்ளையடிக்கிற வேலை இருக்கு" என்று வைத்துவிட்டாள்.

மே 24, ஞாயிறு

குடி வந்தாயிற்று. கூரைத் தகடு ஏற்ற மச்சானே வந்து நின்றார். எங்களை அனுப்புவதில் அவ்வளவு அவசரம்.

ஜூன் 8, திங்கள்

போன வாரம், முன்பு என்னோடு வேலை பார்த்த மேஸ்திரி வந்தான். "சித்தாள் வேலை இருக்குண்ணே, அண்ணியை அனுப்புறீங்களா?" என்றவன் சுவரைத் தடவிப் பார்த்தான். "எந்தக் கொத்தனாருண்ணே?"

ஒரு நொடி, நான்தான் பக்கத்தில் இருந்து கட்ட வைத்தேன் என்று சொல்ல நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டு, உள்ளே இருந்த அவளைக் கை காட்டினேன்.

"உங்ககூட அத்தனை வருஷம் வந்துச்சே, கரண்டி புடிச்சு நான் பாத்ததே இல்லையே!"

"நான் குடுத்தாத்தானே" என்றேன்.

அவள் கொத்தனார் கூலி பேசித்தான் ஒத்துக்கொண்டாள். இன்று முதல் நாள். சாயங்காலம் கால்கூடக் கழுவாமல் வந்து உட்கார்ந்து, "அங்க ஒருத்தனுக்கும் மட்டம் பாக்கத் தெரியலைங்க, வாயைத் திறந்து சொன்னா மொறைக்கிறானுங்க" என்று ஒரு மணி நேரம் திட்டித் தீர்த்தாள். குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.