சைவக் கிருமிகள்

3 ஜூன் 2024
ஒருவர் குடலில் வாழும் பாக்டீரியாவை இன்னொருவர் குடலில் விட்டால், அந்த உடல் தன்னையே தாக்கிக்கொள்வதை நிறுத்துமா? காலையிலிருந்து யோசிக்கிறேன். தெரியவில்லை.

தம்பி கிரீஷுக்குப் பெருங்குடல் முழுக்கப் புண். கிருமிகளை எதிர்க்க வேண்டிய அணுக்கள் அவன் குடலையே எதிரியாக நினைத்துக்கொண்டிருக்கின்றன. எந்த மருந்துக்கும் இரத்தப்போக்கு நிற்கவில்லை. ஆகஸ்டுக்குள் அடங்காவிட்டால் பெருங்குடலையே எடுத்துவிடுவார்கள். அதற்கு முன் ஒரு முயற்சி என்கிறார் டாக்டர்: ஆரோக்கியமான ஒருவருடைய மலத்தைக் கரைத்து, வடிகட்டி, குழாய் வழியே இவனுக்குள் செலுத்துவது.

சிலருக்குப் பலித்திருக்கிறதாம். கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவள் நான். 'சிலருக்கு' என்ற சொல்லில் எனக்கு நம்பிக்கை கிடையாது.

5 ஜூன்
நான் கொடுக்க முடியாது. போன மாதம் பல்வலிக்கு ஆன்டிபயாடிக் சாப்பிட்டேன். என் பாக்டீரியாவே பாதி செத்திருக்கும்.

9 ஜூன்
சுருளி தருகிறானாம். கிரீஷின் பள்ளித் தோழன், கப்பலூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறான். சோதனைகளில் தேறிவிட்டான்.

"மாப்ள, இதக் கேட்டு வந்த மொத ஆளு நீதான்டா. எம்புட்டு வேணும்?" என்று வாசலில் நின்றபடியே கிரீஷிடம் கேட்டான். "அப்புறம் ஒனக்குக் குடல் கொழம்பு திங்கணும்னு தோணுச்சுன்னா என்னையக் கொற சொல்லக் கூடாது."

கிரீஷ் பல வாரங்களுக்குப் பின் சிரித்தான். அம்மா சிரிக்கவில்லை. "கறி திங்கறவனோடதா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

11 ஜூன்
அம்மா சம்மதிக்காமல் கிரீஷ் போகமாட்டான். நாற்பத்தைந்து வயதுப் பிள்ளை. எனக்கே நம்பிக்கையில்லாத ஒன்றுக்காக நான் எப்படி வாதாடுவது? ஆனால் — எடுத்த குடல் திரும்ப வராதே.

14 ஜூன்
அம்மா அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, படித்ததைச் சொன்னேன். நமக்குச் செரிக்காத நார் பெருங்குடலுக்குப் போகிறது. அங்கிருக்கும் பாக்டீரியா அதைத் தின்று, புளிக்கவைத்து, பியூட்டிரேட் என்று ஒன்றை விடுகிறது. குடலின் உள்சுவருக்கு அது சாப்பாடு. 'போதும், அடங்கு' என்று எதிர்ப்பு அணுக்களை அமர்த்துவதிலும் அதற்குப் பங்குண்டு. கிரீஷிடம் அந்த பாக்டீரியா குறைந்துவிட்டது.

அம்மாவின் கை நின்றது.

"அதுகள் கறி திங்காதா?"

"நமக்கு வேண்டிய வேலையைச் செய்யறதெல்லாம் நாரைத்தான் திங்கும்."

"அப்போ சைவம்னு சொல்லு."

அப்படியில்லை. கறியால் பெருகுகிற பாக்டீரியாவும் அதே குடலில் உண்டு. எல்லாம் சேர்ந்துதான் வரும். வகுப்பில் ஒரு பெண் இப்படிப் பாதி விவரத்தை வைத்து முடிவு சொன்னால் விடமாட்டேன். இன்று வாயைத் திறக்கவில்லை.

"அந்தப் பையனுக்கு நம்மாத்துலேர்ந்து சாப்பாடு போகட்டும்" என்றாள் அம்மா.

20 ஜூன்
விளாங்குடியிலிருந்து கப்பலூருக்குத் தினமும் டிபன் கேரியர் போகிறது. கொண்டுபோகிறவள் நான்தான், கல்லூரி அந்தப் பக்கம். அவரை, கீரைத்தண்டு, வாழைப்பூ.

"அக்கா, பட்டறையில பூரா கேலி பண்றாய்ங்க" என்றான் சுருளி. "ஞாயித்துக்கெழமையுமா வாழப்பூ?"

27 ஜூன்
முதல் முறை செலுத்தினார்கள்.

16 ஜூலை
இரத்தம் குறைந்திருக்கிறது. பழைய மாத்திரையும் தொடர்கிறது. எதனால்?

21 ஆகஸ்ட்
நாளை குழாய் விட்டுப் பார்ப்பார்கள். அதைப் பார்த்த பிறகுதான் அறுவையா இல்லையா என்பது. எனக்கு என்ன வேண்டும் என்று தெரிகிறது. அதனால்தான் பயமாக இருக்கிறது.

22 ஆகஸ்ட்
புண் பெரும்பாலும் ஆறியிருக்கிறது. இப்போதைக்கு அறுவை வேண்டாம் என்றார் டாக்டர். இதனாலா, மாத்திரையாலா, தானாகவா? ஒரே ஒருவனை வைத்து எதுவும் சொல்ல முடியாது. திரும்பும்போது காரில் கிரீஷ் அழுதான். நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

மாலை சுருளி வந்தான். இத்தனை வருடமும் வாசலில் நின்றே காபி குடித்துவிட்டுப் போகிறவன். அம்மா அவனைச் சாப்பாட்டு மேஜைக்குக் கூப்பிட்டாள். உட்கார்ந்தவன் தட்டைப் பார்த்தான். அவரைக்காய்.

"அம்மா, இனிமேயாச்சும் நான் கறி திங்கலாமா?"

"நன்னாத் தின்னு" என்றாள் அம்மா. "அதுகள்தான் இங்க வந்துடுத்தே."

சொல்லிவிட்டு, கிரீஷ் தட்டில் இன்னொரு கரண்டி அவரைக்காய் வைத்தாள்.