வீட்டுக்குக் கட்டிய ஏப்ரன்

2006 பெப்ரவரி, ஞாயிறு. ஸ்டுட்கார்ட்.

இன்று அந்தோனி அண்ணை வீட்டுக்குப் போனேன். முழங்கால் வலியால் மாடி ஏற முடியாத மனைவிக்காக அவர் கீழே கட்டிய அறைக்கு வரைபடம் போட்டது நான்தான். குளிர்காலத்தில் மண் உறையும் ஆழத்துக்கும் கீழே இறங்கும்படி, சுவருக்கு அடியில் சுற்றிவரக் கொங்கிறீற் போடச் சொல்லியிருந்தேன். ஜெர்மன்காரர் அதை உறைபனிக்கான ஏப்ரன் என்பார்கள். உணவகச் சமையலறையில் வேலை செய்யும் அண்ணை அன்று விழுந்து விழுந்து சிரித்தார்.

"சமைக்கேக்க உடுப்பு ஊத்தையாகாமல் ஏப்ரன் நான் கட்டுறன், வீட்டுக்கும் வேணுமோ? ஊரில ஒரு முழம் தோண்ட முதலே கல்லு வந்திடும், தங்கச்சி."

எனக்குக் கோபம் வந்தது. ஒரு சென்ரிமீற்றரும் குறைக்க மாட்டேன் என்றேன்.

இன்று அவர் சிரிக்கவில்லை. என்னைக் கேட்காமல், ஒரு சாண் ஆழத்தில் கொங்கிறீற் போட்டுத் தானே கட்டிய சைக்கிள் கொட்டிலைக் காட்டினார். அடியில் இருந்த ஈரமண் உறைந்து பொங்கி, கொட்டிலை ஒரு பக்கமாகத் தூக்கிவிட்டது. கதவு இறுகிப்போய்க் கிடக்கிறது. பிறகு அறைக் கதவை ஒரு விரலால் தள்ளினார். சத்தமில்லாமல் திறந்தது. உள்ளே அண்ணையின் மனைவி தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தா.

"நல்லகாலம், நான் சொன்னதை நம்பினீங்கள் அண்ணை" என்றேன்.

"ஆர் நம்பினது? நீங்கள் சொன்னீங்கள் எண்டு தோண்டினனான், அவ்வளவுதான்."

புறப்படும்போது அவர்தான் எனக்கு நன்றி சொன்னார். நம்பாமலே, என் ஒரு சொல்லுக்காக இடுப்பளவு மண் வெட்டிய மனுசனுக்கு நான்தான் நன்றி சொல்லியிருக்க வேண்டும்.