நீலம் பட்ட வெற்றிலை

என்னைப் பின்னால் விட்டுவிட்டு முன்னால் நடந்துபோன என் ராசாவுக்கு,

நேற்று ஒன்றைப் பார்த்தேன். உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான் என்பது உங்களுக்குத் தெரியும். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சங்கத்துப் பத்திரிகையில் இதைப் போடுவார்களாம். போடட்டும், நாலு தோட்டத்து ஆட்களும் படிக்கட்டும்.

முதலில் பெருமையைச் சொல்லிவிடுகிறேன். நம் பெரியவனின் மூத்த மகள் சாந்தி, நீங்கள் தொட்டில் ஆட்டிய அதே சாந்தி, இரத்தோட்டையில் ஒரு சங்கத்தில் வேலை செய்கிறாள். லாபம் பார்க்காத சங்கம். வேலைத்தளத்தில் உடம்பையும் உயிரையும் காப்பாற்றிக்கொள்வது எப்படி என்று தொழிலாளிக்குச் சொல்லிக்கொடுக்க இப்படிப்பட்ட சங்கங்களுக்கு அரசாங்கமே காசு கொடுக்கிறதாம். உங்கள் காலத்தில் நம்மை இந்த நாட்டு ஆட்கள் என்றே ஒத்துக்கொள்ளாத அரசாங்கம்! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சிரிக்காதீங்க அப்பாயி. இது எங்கப்பா மாதிரி ஆளுங்களுக்கு வந்த காசு" என்றாள்.

உங்களுக்குப் பிறகு பெரியவன்தான் அந்தப் பூச்சிமருந்து டேங்கை முதுகில் மாட்டுகிறான். 

நேற்று நம் தோட்டத்து ஆட்களுக்கு அவள் வகுப்பு எடுத்தாள். அதற்கு முகமூடியும் கையுறையும் மாத்தளையிலிருந்து த்ரீவீலரில் வந்தன. சண்டை நடக்கிற இந்த நாளில் ஒரு தமிழ்ப் பிள்ளை மூட்டை நிறைய முகமூடி கொண்டுவந்தால் சும்மா விடுவார்களா? சோதனைச்சாவடியில் எல்லாவற்றையும் ரோட்டில் கொட்டிவிட்டார்கள். சாந்தி ஒன்றை முகத்தில் மாட்டிக் காட்டி, சிங்களத்தில் விளக்கம் சொல்லியிருக்கிறாள். கடைசியில் ஒரு ஆமிக்காரன், தம்புள்ளைப் பக்கம் வெங்காயத் தோட்டத்துக்கு மருந்தடிக்கிற தன் அப்பாவுக்கு ஒன்று கிடைக்குமா என்று கேட்டானாம்.

வேலைக்குப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற பிள்ளைக்காம்பரா வாசலில்தான் வகுப்பு. டேங்கில் மருந்து ஊற்றவில்லை. துணிக்குப் போடுகிற நீலத்தைக் கரைத்து ஊற்றினாள். மருந்தடிக்கிற ஆட்கள் எல்லோருக்கும் வெள்ளை பனியன். தினமும் செய்கிற மாதிரியே தேயிலையில் ஒரு நிரை அடித்துவிட்டு வாருங்கள், எதையும் மாற்றாதீர்கள் என்று அனுப்பினாள்.

அவர்களும் எதையும் மாற்றவில்லை. வாயில் வெற்றிலை இருந்தால் மருந்து உள்ளே இறங்காது என்று நீங்களெல்லாம் வைத்திருந்த சட்டம் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. டேங்கு காலியானதும் பெரியவன் வெற்றிலை மடித்தான், சுண்ணாம்பு தடவி எல்லோருக்கும் கொடுத்தான். மென்றுகொண்டே இறங்கி வந்தார்கள். நீங்கள் பார்க்காத அவனுடைய கடைக்குட்டி ஓடிப்போய் அப்பன் காலைக் கட்டிக்கொண்டது. அவன் தூக்கிக் கொஞ்சி இறக்கிவிட்டான்.

"அப்பா, வாயைக் காட்டுங்க" என்றாள் சாந்தி.

உதட்டில் நீலம். பல்லிடுக்கில் சிவப்போடு சேர்ந்து கறுத்துப்போயிருந்தது. சுண்ணாம்பு டப்பாவில் நீலம், பையில் மிச்சமிருந்த வெற்றிலையில் நீலம். "கிருஷ்ணர் வேசம் ஒனக்கு எடுப்பாத்தான் இருக்கு மச்சான்" என்று ஒருவன் கேலி பண்ணினான், தன் உதட்டைப் பார்க்காமல். எல்லோரும் சிரித்தார்கள். அப்போதுதான் சாந்தி தங்கச்சியைத் தூக்கி எங்கள் பக்கம் திருப்பினாள். பிள்ளையின் கன்னத்திலும் தொடையிலும் அப்பனுடைய விரல்கள், நீலமாக.

ஒருத்தன் வெற்றிலையைத் துப்பினான். பெரியவன் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அதற்குப் பிறகு அவள் சொன்னதுதான் என்னை உட்காரவைத்துவிட்டது. மருந்து ஏறிய ஆளுக்கு வாயில் எச்சில் ஒழுகும், வேர்த்துக் கொட்டும், கண்மணி கடுகாகச் சுருங்கும், உடம்பு வெட்டி வெட்டி இழுக்கும் என்றாள். ஐயோ, அன்றைக்கு நீங்கள் நம் லயத்து வீட்டு வாசலில் கிடந்தது அப்படித்தானே? அவள் கைக்குழந்தையாக இருந்தவள். பக்கத்தில் நின்று பார்த்த மாதிரி எப்படிச் சொன்னாள்? ஓடைக்கரை முனி அடித்துவிட்டது என்றார்கள். பூசாரி வந்தார், திருநீறு போட்டார், சேவல் நேர்ந்தோம். லொறி பிடித்து மாத்தளை ஆசுபத்திரிக்குப் போகும்போது வழியிலேயே நீங்கள் அடங்கிவிட்டீர்கள். இத்தனை வருசமும் அந்த முனிக்குப் பொங்கல் வைத்தேனே, அது என்னைப் பார்த்து என்ன நினைத்திருக்கும்?

சுடச் சுட இன்னொரு அடி. அரசாங்கக் காசு இந்த வருசத்தோடு முடிகிறதாம். மேல் தோட்டத்தில் இன்னும் ஒருவருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. கொடுத்த முகமூடியும் கொஞ்ச நாளில் தேய்ந்துவிடும், மாற்று வேண்டும். பாதிக்கப்பட்ட குடும்பத்தில் ஒருவராவது மாத்தளை அரசாங்க ஆபீசுக்கு வந்து நடந்ததைச் சொன்னால்தான் மறுபடியும் காசு கேட்க முடியுமாம். சாந்தி சங்கத்தில் சம்பளம் வாங்குகிறவள், அவள் சொல்வது செல்லாது. பெரியவனை வரச்சொல்லிக் கேட்டாள்.

"அப்பா மருந்தாலதான் போனாருன்னு நான் அங்க சொல்லி, அது தோட்டத்துத் தொரை காதுல விழுந்தா நாளைக்கு வேலை குடுப்பாங்களா?" என்றான். மற்றவர்களும் டேங்கைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுப்பு எரிய வேண்டுமே.

"நான் வாரேன்" என்றேன். எனக்கே தூக்கிவாரிப்போட்டது. என்னை வேலையைவிட்டு நிறுத்த யாரால் முடியும்? நான்தான் பென்சனுக்குப் போய்விட்டேனே.

"அங்க தாத்தா பேரை நீங்கதான் சொல்லணும் அப்பாயி. நான் எடுத்துக் கொடுக்க முடியாது" என்றாள்.

உங்கள் பேரை நான் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. ஆசுபத்திரியில் கேட்டபோதும் பெரியவனைக் கைகாட்டினேன். பெண்டாட்டி சொன்னால் புருசன் ஆயுசு குறையும் என்று அம்மா சொல்லி வளர்த்தாள். குறைவதற்கு இனி உங்களிடம் என்ன இருக்கிறது?

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் போகிறேன். எனக்குத் தெரிந்த சிங்களத்தில், அந்த ஐயாமார் முன்னால் நின்று உங்கள் பேரைச் சத்தமாகச் சொல்வேன். முனி அடிக்கவில்லை, மருந்துதான் என்றும் சொல்வேன். இது சத்தியம்.

உங்கள் மருந்துச் சட்டையைத் துவைத்தவள்,
பெரியவனைப் பெற்றவள்,
உங்கள் பெண்சாதி
மாரியாயி